ஜெராக்ஸ் மெஷினில் விட்டு வந்த அசல்

மத்தேயு நற்செய்தி, பதினெட்டாம் அதிகாரம், பதினைந்து முதல் பதினேழு வரையுள்ள வசனங்கள். நடைமுறை தெளிவாகவே இருக்கிறது. சகோதரன் தவறு செய்தால் முதலில் நீ தனியாகப் போய் அவனிடம் சொல். கேட்கவில்லையென்றால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்கவில்லையென்றால் திருச்சபையிடம் சொல். மூன்று படிகள். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போக வழியில்லை.

நான் முப்பத்து நான்கு வருடம் அரசு வேலை பார்த்தவன். முறைப்படி வராத மனுவை 'உரிய வழியாக அனுப்பவும்' என்று எழுதித் திருப்பியவன். மேற்படி வசனங்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் என் விஷயம் என்று வந்தபோது முதல் படியை விட்டேன். இரண்டாம் படியையும் விட்டேன். நேரே மூன்றாம் படியில் ஏறி நின்று ஒரு பெண்ணின் மேல் புகார் எழுதினேன். புகாரில் ஒரு சொல்லையும் விட்டேன்.

ஆண்டவர் தீராத நோயைத் தீர்த்த சாட்சிகளை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இதுவும் அவர் செய்த உதவியைப் பற்றியதுதான். ஒரே வித்தியாசம், இதில் கிருமி நான்.

எங்கள் வீடு, முன்பு பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில், ரெட்டியார்பாளையத்தில். எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் ஞாயிறு மாலை மூன்று மணிக்கு விவிலிய வகுப்பு நடக்கும். நடத்தியவர் சகாயமேரி. தவளக்குப்பம் சந்திப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அப்பா மில் தொழிலாளியாக இருந்தவர். கடையில் உட்கார்ந்தபடியே அஞ்சல் வழியில் நான்கு வருடம் விவிலியம் படித்து முடித்தார் சகாயமேரி. கிரேக்கத்தைக்கூட எழுத்துக் கூட்டி வாசிப்பார். வகுப்புக்குப் பதினைந்து பேர் வருவோம். நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவன் நான் ஒருவன்தான். என் பேனா நிற்கும்வரை அவர் காத்திருப்பார்.

"சார் எழுதிக்கிட்டாரா? சரி, அடுத்தது."

அதில் எனக்கு ஒரு பெருமை. ஓர் எரிச்சலும் உண்டு. நான் படித்த படிப்பென்ன, இருந்த நாற்காலியென்ன, ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியிடம் பாடம் கேட்பதா? இதை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. விசுவாசத்தைக் காப்பாற்றத்தான் புகார் எழுதினேன் என்று பிறகு பலநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். புகாரின் வேர் இந்த எரிச்சலில் இருந்தது.

கடந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவான பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு. மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகாரம்.

"மாற்கு தன் கையால எழுதுன அசல் இன்னிக்கு யாருகிட்டயும் இல்ல," என்றார் சகாயமேரி. "பவுல் எழுதுன கடுதாசியும் இல்ல. நம்மகிட்ட இருக்கறது காப்பி, காப்பியோட காப்பி. கடைக்கு ரேஷன் கார்டு கொண்டாருவாங்க பாருங்க, நாலாவது ஜெராக்ஸ்ல பேரே மங்கிப் போயிருக்கும். அப்ப இன்னா செய்வோம்? இதவிடப் பழைய காப்பி இருக்குதான்னு கேப்போம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். வேதத்தப் படிக்கறவங்களும் அதத்தான் செய்யறாங்க."

ஆட்டோ ஓட்டும் அந்தோணி பின் வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். "காப்பின்னா செல்லாது மேடம். நம்ம சார் திருப்பி அனுப்பிடுவாரு!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. சகாயமேரியும் சிரித்தார். எனக்குக் காது சூடானது.

"செல்லும் அண்ணே. ஆயிரக்கணக்குல காப்பி இருக்கறதாலதான் எந்த எடத்துல கை தவறுச்சுன்னு கண்டுபிடிக்க முடியுது," என்று அவர் தொடர்ந்தார். "ரொம்பப் பழைய பிரதிங்க ரெண்டுல மாற்கு இந்த எட்டாம் வசனத்தோட நின்னுடுது. கல்லறை காலியா கெடக்குது. வெள்ள உடுப்புப் போட்ட வாலிபர், அவரு உயிர்த்துட்டாரு, போய்ச் சொல்லுங்கன்றாரு. பொம்பளைங்க நடுங்கிப் போயி ஓடிடறாங்க. பயத்துல யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. அவ்ளோதான். அதுக்கு மேல வர்ற உயிர்ப்புக் காட்சிகள் அந்தப் பிரதிங்கள்ல இல்ல. பின்னாடி சேந்தது. ஆனா அதையும் வேதமாத்தான் திருச்சபை ஏத்துக்கிட்டிருக்குது. எழுதிக்கிட்டீங்களா சார்?"

எழுதிக்கொண்டேன்.

"யாருகிட்டயும் சொல்லலன்னா நமக்கு எப்டி மேடம் சேதி வந்துச்சு?" என்றார் அந்தோணி.

"அதான் அண்ணே கேள்வி. யாரோ ஒருத்தி பயத்தோடயே வாயத் தொறந்திருக்கா. அந்தக் கதைய மாற்கு எழுதல. நம்ம பக்கமா தள்ளி வுட்டுட்டாரு."

இப்போது அந்த வாக்கியம்தான் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அன்றைக்கு, காப்பி செல்லாது என்ற கிண்டல் மட்டும்தான் காதில் நின்றது.

மறுநாள் காலை உட்கார்ந்து எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் முறைப்படி. பெறுநர் பங்குத்தந்தை, நகல் ஆயர் இல்லத்துக்கு. என் நோட்டில் இருந்த வரி இது: 'மாற்குவின் பழைய பிரதிகளில் உயிர்ப்புக் காட்சிகள் இல்லை.' என் புகாரில் இருந்த வரி இது: 'மாற்குவின் பழைய பிரதிகளில் உயிர்ப்பு இல்லை என்றும், விவிலியம் வெறும் ஜெராக்ஸ் என்றும் மேற்படி நபர் போதித்து வருகிறார்.'

காட்சிகள் என்ற சொல் விடுபட்டிருக்கிறது. கை தவறிவிட்டது என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீண்ட கோப்பைச் சுருக்கி எழுதியே பழகியவன், சுருக்கும்போது விழுந்திருக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த இடத்தில் என் பேனா நின்றது. நின்றதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு மேலே எழுதினேன்.

பதிவேட்டில் ஒரு எழுத்து பிசகியதற்காக, பிரான்சுக்குப் போகக் காத்திருந்த ஒரு கைம்பெண்ணை மூன்று முறை அலைய விட்டவன் நான். ஒரு எழுத்து என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

விசாரணை முடியும்வரை வகுப்பு நிறுத்தப்பட்டது. பங்குத்தந்தை கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. ஆனால் வகுப்பு ஏன் நின்றது என்று கேட்டவர்களுக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதில் வாய்க்கு வாய் போனது. பத்து நாளில் சகாயமேரிக்குப் பேர் வைத்துவிட்டார்கள்: உயிர்ப்பில்லாத டீச்சர்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அவர் என்னைத் தேடி வந்தார்.

"புகார் யாரு குடுத்தாங்கன்னு ஃபாதர் சொல்லல சார். யாரா இருந்தாலும் போவட்டும். நான் அப்டியா சொன்னேன்? நீங்க ஒருத்தர்தான் எழுதினீங்க. உங்க நோட்டுல இருக்குமே. ஃபாதர்கிட்ட அதக் காட்டுங்க சார், போதும்."

அவர் என்னைச் சாட்சியாகக் கூப்பிட வந்திருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"விசாரணையில இருக்கற விஷயத்தப் பத்தி வெளிய பேசக்கூடாதும்மா. அது முறையில்ல."

அவர் என் முகத்தையே பார்த்தார். "சரி சார்," என்றார். அதற்குப் பிறகு எங்கள் கோயிலில் அவரைக் காணவில்லை.

கோடை போனது. செப்டம்பரில் என் மனைவி தெரேசுக்குக் கதிர்காமம் அரசு மருத்துவமனையில் கண் அறுவை நடந்தது. நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் எதையும் படிக்கக்கூடாது என்றார்கள். தினம் ஒரு அதிகாரம் நான் வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு.

"மாற்குவ எடுங்க. அதான் சின்னது," என்றாள் தெரேஸ். "உங்க கொரல அதுக்கு மேல தாங்க முடியாது."

பதினாறாம் நாள் கடைசி அதிகாரம். இருபதாம் வசனம்வரை வாசித்துப் புத்தகத்தை மூடினேன்.

"கீழ பொடி எழுத்துல ஏதோ போட்டிருக்குமே, அத ஏன் முழுங்கறீங்க?" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே. "அடிக்குறிப்பு படிக்காம கையெழுத்தே போட்டதில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்குவீங்களே, முசே."

ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசே. அப்படி அவள் என்னைக் கூப்பிட்டால் கிண்டல் என்று பொருள். கண்ணாடியை இறக்கிப் பொடி எழுத்தைப் படித்தேன். ஒன்பது முதல் இருபது வரையுள்ள வசனங்கள் சில முக்கியமான பழைய கையெழுத்துப் பிரதிகளில் காணப்படவில்லை என்று இருந்தது. சகாயமேரி சொன்ன அதே செய்தி. அந்த விவிலியம் எங்கள் வீட்டில் இருபது வருடமாக இருக்கிறது. முதல் பக்கத்திலேயே ஆயரின் அனுமதி அச்சாகியிருக்கிறது. அனுமதி பெற்ற ஒரு விஷயத்தின் மேல் நான் புகார் கொடுத்திருக்கிறேன்.

"இதத்தான அந்தப் பொண்ணு சொல்லுச்சு?" தெரேஸ் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இதுக்கா வகுப்ப நிறுத்துனாங்க? எந்தப் புண்ணியவான் புகார் குடுத்தான்?"

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பயந்திருந்தேன். மாற்குவின் எட்டாம் வசனம் என் வீட்டுக் கட்டிலோரத்தில் அப்படியே நடந்தது.

அன்றிலிருந்து என்னால் நற்கருணை வாங்க முடியவில்லை. வரிசையில் போவேன், பாதியில் பக்கத்துத் தூணோரம் ஒதுங்கிவிடுவேன். என்னைத் தெரியாத ஒரு கோயிலாகப் பார்த்துப் போய் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய்ச்சாட்சி சொன்னேன் என்று சுருக்கமாக முடிக்கப் பார்த்தேன். சுருக்குவதில் எனக்குப் பழக்கம் அதிகம். அந்தக் குருவானவர் வயதானவர், விடவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தம்மாகிட்ட சொல்லிட்டியாப்பா?" என்றார்.

"இல்லைங்க சாமி."

"அத முடிச்சுட்டு வா."

என் கோப்பு உரிய வழியாக வரவில்லை என்று திரும்பிவிட்டது. வாழ்நாளில் முதல் முறையாக, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் மனிதனின் வயிறு எப்படி எரியும் என்று தெரிந்தது.

தெரேசிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நோட்டையும் புகாரின் நகலையும் எடுத்து வரச் சொன்னாள். இரண்டையும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"ஒரு வார்த்தைதான் தெரேஸ் விட்டுப்போச்சு," என்றேன். அப்போதும் என் வாய் அப்படித்தான் பேசியது.

"நம்ம கல்யாணத்துல சம்மதமான்னு சாமியாரு கேட்டப்ப நான் சொன்னதும் ஒரு வார்த்தைதான்."

அன்று மாலையே உட்கார்ந்து பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன். காட்சிகள் என்ற சொல்லைத் தெரிந்தே விட்டேன். சகாயமேரி சொன்னது சரி, நான் எழுதியது பொய். நீல மையில் கையெழுத்துப் போட்டேன். முதலில் இதைச் சகாயமேரியின் கையில் கொடுக்க வேண்டும், பிறகுதான் கோயிலுக்கு. இந்த முறையாவது முதல் படியிலிருந்து. ஆனால் தைரியம் வரவில்லை. தினம் ஜெபித்தேன். பெரிய ஜெபம் இல்லை. "ஆண்டவரே, இது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். என்னால் முடியாது என்று தோன்றுகிறது. வழியை நீர் பார்த்துக்கொள்ளும்." இவ்வளவுதான்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை தவளக்குப்பத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். கடையில் ஆதார் நகலுக்கு நாலைந்து பேர் நின்றார்கள். அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க சார், எவ்ளோ நாளாச்சு! அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன், இப்ப எப்டி இருக்குது?" என்றார். திட்டியிருந்தால் கொடுத்திருப்பேன். இந்த வரவேற்புக்கு முன்னால் கொடுக்க முடியவில்லை.

"காப்பி எடுக்கணுமா சார்?"

கையில் கடிதம் இருந்தது. "ஒண்ணு," என்றேன்.

வாங்கிப் பார்க்காமலே கவிழ்த்து வைத்து மூடியை இறக்கினார். "நாங்க எதையும் படிக்க மாட்டோம் சார், பயப்படாதீங்க. இந்த ஊரு ரகசியமெல்லாம் இந்தக் கண்ணாடி மேல படுத்து எழுந்ததுதான்."

பச்சை வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. என் பாவம் அதன் மேல் கவிழ்ந்து கிடந்தது. சூடாக வெளியே வந்த தாளை நீட்டினார். வாங்கினேன். ஏதோ முணுமுணுத்தேன். பின்னால் நின்றவருக்கு இடம் விட்டு ஒதுங்கினேன். அடுத்த நிமிடம் பஸ்ஸில் இருந்தேன். மாற்குவில் வரும் அந்தப் பெண்களாவது காலிக் கல்லறையைக் கண்டு ஓடினார்கள். நான் என் மனைவியின் கண்ணை விசாரித்தவரைக் கண்டு ஓடினேன்.

வீட்டில் தெரேஸ் கேட்டாள். "குடுத்தீங்களா?"

பையிலிருந்து தாளை எடுத்தேன். ஒரு தாள்தான் இருந்தது. கையெழுத்தைப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது.

நான் கையெழுத்துப் போட்டது நீல மையில்.

அசல் மெஷினிலேயே இருக்கிறது. மூடிக்கு அடியில். அடுத்த ஆதார் அட்டையை வைக்க மூடியைத் தூக்கிய கணத்தில் சகாயமேரி அதைப் பார்த்திருப்பார். 'அசல எடுத்துக்கிட்டீங்களா?' என்று கவுண்டரில் நின்றவர்களை எல்லாம் முப்பத்து நான்கு வருடம் அதட்டியவன் நான். வாழ்க்கையில் ஒருமுறைகூட அசலை எங்கும் விட்டு வந்ததில்லை.

தெரேசிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். "நீங்க குடுக்க மாட்டீங்கன்னு ஆண்டவருக்குத் தெரியும். அதான் அவரே வாங்கிக்கிட்டாரு," என்றாள். அன்று முழங்காலில் நின்றபோது எனக்கும் அதுதான் தோன்றியது. என் தைரியத்தை நம்பியிருந்தால் அந்தக் கடிதம் இன்றும் என் சட்டைப்பையில் இருக்கும்.

ஆனால் ஜெபம் கேட்கப்பட்டது என்று தெரிந்த பிறகும் நான் உடனே திருந்திவிடவில்லை. கோயிலுக்குக் கொடுக்க வேண்டிய அசல் கைவசம் இல்லை, நகலைக் கொடுத்தால் செல்லாது என்ற விதி வசதியாக ஞாபகத்துக்கு வந்தது. அந்த விதியின் நிழலில் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்கே அருவருப்பாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அன்று மீண்டும் ஒருமுறை எழுதிக் கையெழுத்திட்டுப் பங்குத்தந்தையிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"இத நான் வாசிச்சா அறிவிப்பா போயிடும் சார். நீங்களே சொல்லுங்க," என்றார்.

மண்டபத்தில் பழைய வகுப்புக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். நோட்டின் வரியையும் புகாரின் வரியையும் அடுத்தடுத்து வாசித்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் அந்தோணி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உயிர்ப்பில்லாத டீச்சர்னு பேரு வச்சது நான்தான் சார். சும்மா தமாசுக்கு வச்சேன். இன்னும் அந்த ரோட்ல சவாரி போனா கடையப் பாக்காம போறேன்."

வகுப்பை மறுபடி தொடங்கக் கேட்டுப் பங்குத்தந்தை சகாயமேரிக்குச் சொல்லி அனுப்பினார். பதில் இல்லை. கிறிஸ்துமஸ் வந்து போனது. அவர் வரவில்லை. எனக்கும் ஒரு சொல் வரவில்லை. பதில் கேட்க எனக்கு உரிமை கிடையாது. அதனால் என்னை மன்னிக்கச் சொல்லி நான் ஜெபிக்கவில்லை. அவருடைய வகுப்பை அவருக்குத் திருப்பிக் கொடும் என்று மட்டும் கேட்டேன்.

சகோதர சகோதரிகளே, நான் இப்போது அடிக்குறிப்புகளைப் படிக்கிறேன். யார் பேசியதையும் எழுதினால், எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுகிறேன். வேதத்தை இருபது நூற்றாண்டுகளாக எத்தனையோ கைகள் பார்த்துப் பார்த்து எழுதி நம்மிடம் சேர்த்திருக்கின்றன. அந்தக் கைகளும் தவறியதுண்டு. அவற்றை வைத்துக்கொண்டே ஆண்டவர் தம் செய்தியை நம்மிடம் சேர்த்துவிட்டார். என் கையையும் அவர் தள்ளிவிடவில்லை. உங்களில் யாருக்காவது போக வேண்டிய ஒரு வாசல் இருந்தால், கொடுக்க வேண்டிய ஒரு தாள் இருந்தால், அங்கே போங்கள். பயமாக இருந்தாலும் போங்கள். தாளை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றால் போதும். மீதியை அவர் உங்கள் மறதியை வைத்துக்கூட முடித்துக்கொள்வார். இது என் அனுபவம்.

சகாயமேரியின் பதிலைச் சொல்லி முடிக்கிறேன். தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே நான் மெஷினில் விட்டு வந்த அசல். நீலக் கையெழுத்து. அதன் அடியில், நான் ஆயிரக்கணக்கான தாள்களில் எழுதிய வாசகம் அவர் கையெழுத்தில் இருந்தது: 'ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.' பக்கத்தில் கடையின் ரப்பர் முத்திரை. அதற்கும் கீழே நாலு வரி:

'கோவம் இன்னும் முழுசா போகல சார். அதான் இத்தன நாள். ஞாயிறு மூணு மணிக்கு வகுப்பு, மாற்கு மறுபடி மொத அதிகாரத்துலேர்ந்து. நோட்டு கொண்டாங்க.'

உறையைத் தெரேசின் கையில் கொடுத்தேன். இப்போது அவள் கண்ணுக்குப் பொடி எழுத்தும் தெரியும். அவள் அதைப் படித்து முடிக்கும்வரை அசையாமல் நின்றேன். பிறகு நோட்டை எடுத்து, புதுப் பக்கம் திருப்பி, பதில் கிடைத்த தேதியை எழுதினேன்: 6.1.2026, செவ்வாய்க்கிழமை.